மொழிபெயர்ப்பாளருக்கான இடைவெளி

நேற்று நாற்பத்தொரு நிமிடம்தானே இருந்தது. நான் தப்பாகப் பார்க்கவில்லையே.

பிராகோ இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துணியின் நுனியால் மடிக்கணினித் திரையின் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். ஒலிப்பதிவின் கீழே, சாம்பல் நிறக் கோட்டின் வலது முனையில் சின்ன எழுத்தில் நின்றது: நாற்பத்து நான்கு நிமிடம். எண்களில் அவள் ஏமாறுகிறவள் அல்ல. உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். ஒரு பழைய ஒலிநாடாவில் பதிவான பேச்சு, அதுவும் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஜனாதிபதி பேசி முடித்துவிட்ட பேச்சு, ஒரே இரவில் எப்படி மூன்று நிமிடம் வளரும்?

எழுந்து ஜன்னல் பலகைகளை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஹார்மட்டான் காற்று தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாலைவனத்துத் தூசி வானத்தை மூடிக்கொண்டதில் மாலை நான்கு மணிச் சூரியன் கழுவிய தட்டுபோல வெளிறிக் கிடந்தது, உதடு வெடித்தது, மேசை, பாய், தண்ணீர்க் குவளையின் விளிம்பு என எல்லாவற்றிலும் மாவு சலித்ததுபோல ஒரு படலம். காலையில் இரண்டு தடவை பெருக்கியாயிற்று. மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு வீச்சு வீசினாள். கீழே போட்டுவிட்டு மேசைக்கே வந்தாள்.

இந்தப் பதிவைத் தேடி ஆறு வருடம் அலைந்திருந்தாள். வானொலி நிலையத்தில், அந்தக் காலத்து நாடாக்களை அழித்து அவற்றின்மேலேயே கால்பந்து வர்ணனை பதிந்துவிட்டோம் என்று கையை விரித்தார்கள். நூலகத்தில் கரையான். கடைசியில் போன திங்கட்கிழமை, மாணவர்களுக்காக வேறெதையோ இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவளுடைய நாட்டு ஜனாதிபதிகளின் பழைய உரைகளை வரிசையாக ஏற்றிவைத்திருந்த பக்கம் அவள் முன்னால் திறந்தது. ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவரின் வீட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்தவையாம். சுதந்திர தின உரை, அணைக்கட்டுத் திறப்பு, கொக்கோ விலை அறிவிப்பு. நூற்றுப் பன்னிரண்டாவதாக, அசென்யா நகர வருகை. அவளுடைய ஊர். அதற்குக் கீழே ஒரே வரி: மொழிபெயர்ப்பாளர், பெயர் தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா.

அப்பா ஊர்த் தலைவரின் ஒச்சியாமே. தலைவர் ஒருநாளும் மக்களிடம் நேராகப் பேசமாட்டார். அவர் மெல்லச் சொல்வதை ஒச்சியாமேதான், பொன்முலாம் பூசிய தலைகொண்ட கோலை ஊன்றி நின்று, சபைக்கு எடுத்துச் சொல்வார். அவர் எடுத்துச் சொல்லும்வரை அது சொல்லப்பட்டதாகவே ஆகாது. தலைவர் விடுவது மூச்சு, ஒச்சியாமே விட்டால்தான் பேச்சு என்பார்கள் ஊரில். அந்த வருடம் வந்த ஜனாதிபதிக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லுவார். நிறுத்துவார். அப்பா அதை ட்வி மொழியில் சொல்லும்வரை காத்திருப்பார்.

அன்று அந்த மேடையிலிருந்து மூன்று பெயர்கள் துரோகிகள் என்று வாசிக்கப்பட்டன. ஆசிரியர் ஒப்போங். கொக்கோ நிறுவைக்காரர் அம்போன்சா. லாரிக்காரர் சார்பாங். மூவரும் அன்றைக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அந்தப் பெயர்களை அப்பா எடுத்துச் சொன்னாரா, மறுத்தாரா என்பதில்தான் ஊர் முப்பத்தெட்டு வருடமாக இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"அக்கா, கேட்டியா இல்லியா?"

வாசல் திரையை விலக்கிக்கொண்டு பெம்பா எட்டிப் பார்த்தான். அவளுடைய ஒரே தம்பி. வீட்டின் முன்பக்கத்தில் ஐஸ் மீன் கடை வைத்திருந்தான். அவன் சட்டையில் எப்போதும் செதில் ஒன்றிரண்டு மின்னும்.

"மூணு நாளா அதையே மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்க. அடைகாக்குற கோழிகூட இந்நேரம் ஒரு கொக்கரிப்பாச்சும் குடுத்திருக்கும்."

"லைன் சரியில்லடா. நின்னு நின்னு போவுது."

"நின்னு நின்னாவது போவட்டும். சனிக்கிழம பெரியவங்களக் கூட்டிட்டுப் போயி டூஃபி வீட்டுக் கதவத் தட்டணும். நேத்து அவ மாமா கடைக்கு வந்தாரு. மீனும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. 'ஒங்கப்பன் வாயில எங்கப்பா சார்பாங் பேரு வந்துச்சா இல்லியா, அதப் போட்டுக் காட்டு. அப்புறமா சாராய பாட்டிலத் தூக்கிட்டு பொண்ணு கேக்க வா'ன்னுட்டுப் போறாரு."

"வந்திருந்தா?"

"வந்திருந்தா என்ன? முப்பத்தேழு வயசுல அந்த ஐஸ் பெட்டியையே கட்டிக்கவேண்டியதுதான். எதுத்துப் பேசாது, ஆறு மூட்ட மீனு சீதனம் வேற." சிரித்தவன், சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "சொல்லியிருக்க மாட்டாருக்கா. சொன்ன மனுசன் எதுக்கு அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசாம, அஞ்சு வாரத்துல சாகணும்? நான் அவரு மொகத்தக்கூடப் பாக்கல. அவரு குரலாவது எனக்கு வேணும்."

அவன் அப்பா இறந்து எட்டாம் நாள் பிறந்தவன். பிராகோவுக்கு அப்போது ஆறு வயது.

"ராத்திரிக்குள்ள கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

வெளியே யாரோ ஒருத்தி கத்தினாள். "ஏய் மாப்ள! கானாங்கெளுத்தி இருக்கா, இல்ல கல்யாணக் கனவுல அதையும் உருக விட்டுட்டியா?"

"வரேன் ஆன்ட்டி! ஒங்களுக்காகத்தான் பெரிசா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன்!" திரை விழுந்தது.

அவனிடம் பொய் சொல்லியிருந்தாள். மூன்று நாளைக்கு முன்பே முழுவதும் கேட்டாயிற்று. நாற்பத்தொரு நிமிடத்தையும். அப்பாவின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து சற்றுத் தள்ளி, ஆனால் தெளிவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஆழத்தோடு, மூன்று பெயர்களையும் சொல்லியிருந்தது. தயங்கவில்லை. தடுமாறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் உரிய மரியாதையோடு, அழகாகச் சொல்லியிருந்தது. மூன்றாவது பெயருக்குப் பிறகு பேச்சு அப்படியே அறுந்து, வெறும் இரைச்சலோடு பதிவு முடிந்தது. அன்று முதல் அவளால் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. சோளக்களியை உருட்டி வாயருகே கொண்டுபோய், தின்னாமல் தட்டிலேயே வைத்துவிடுகிறாள். மறுபடி கேட்டால் குரலில் ஒரு நடுக்கமாவது, கட்டாயத்தின் ஒரு கீறலாவது கிடைக்காதா? தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஏதாவது?

ஓட்டினாள்.

இரைச்சல். கூட்டத்தின் முணுமுணுப்பு, மரநாற்காலிகள் கிறீச்சிடுவது, எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவது. வெயிலில் காய்ந்த மைதானத்தின் மணமும், நிறையப் பேர் நெருங்கி உட்கார்ந்த வியர்வை மணமும் தன் நினைவிலிருந்துதான் வருகின்றன என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஜனாதிபதியின் குரல். இனிமையான, அவசரமே இல்லாத குரல்.

"அசென்யா நகரத்து மக்களே."

இடைவெளி.

அப்பாவின் குரல் வரவில்லை.

இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். கோட்டில் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நான்கு விநாடி. ஆறு. அவள் யோசிக்குமுன்பே அவளுடைய உதடுகள் அந்த வாக்கியத்தை ட்வியில் சொல்லி முடித்திருந்தன. அது வழக்கம். பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் தேவாலயத்தில், வெளியூர்ப் போதகரின் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக எடுத்துச் சொல்கிறவள் அவள். ஆங்கிலம் நின்றால் அவள் தொடங்குவாள். யாராவது கைநழுவவிட்ட குவளையைப் பிடிக்கத் தானாகக் கை நீளுமே, அதுபோல.

கூட்டம் "யோ!" என்று பதில் குரல் கொடுத்தது.

பிராகோ நாற்காலியில் நிமிர்ந்தாள். தற்செயல்தான். பழைய நாடா, அப்பாவின் பக்கத்து ஒலி மட்டும் எப்படியோ அழிந்திருக்கிறது, அவர் சொல்லி முடிக்க ஆன நேரமும் தான் சொன்ன நேரமும் ஒத்துப்போய்விட்டன.

"நான் உங்களிடம் வெறுங்கையோடு வரவில்லை," என்றார் ஜனாதிபதி.

இடைவெளி.

இந்தத் தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பத்து விநாடி. இருபது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். குழந்தையை யாரோ தட்டி அடக்கினார்கள். நாற்பது விநாடி. ஜனாதிபதி தொண்டையைக்கூடச் செருமவில்லை. ஒரு நிமிடம். வலது முனையில் இருந்த எண் நாற்பத்து நான்கிலிருந்து நாற்பத்தைந்து ஆயிற்று.

அவர்கள் காத்திருந்ததால்தான் பதிவு வளர்ந்திருக்கிறது.

நிறுத்தினாள். அறை முழுக்கக் கடையின் ஐஸ் பெட்டிகளின் உறுமல் திரும்பி வந்தது. அந்த உறுமலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். அதிலும் தூசியின் ருசி. கொல்லைக் கதவு வரை நடந்தாள். திரும்பினாள். தாழ்ப்பாளைத் தொட்டாள். திரும்பினாள். உடம்பில் எங்கோ ஓர் இடம் அரித்துக்கொண்டே இருந்தது, எங்கே என்று தெரியவில்லை. மாடிப்படியில் ஒரு படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டதுபோல இருந்தது. அந்த ஒரு வாக்கியம். சொல்லப்படாமல். அதைச் சொன்னால் என்ன? வெறுங்கையோடு வரவில்லை. அதில் என்ன இருக்கிறது? சனிக்கிழமை வேறு நெருங்குகிறது.

உட்கார்ந்தாள். ஓட்டினாள். மெல்லச் சொன்னாள்.

கைதட்டல் அலையாக எழுந்தது. அதன் அடியில் அவளுக்கு ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி.

அதற்குப் பிறகு அவள் எதிர்க்கவில்லை. சாலை பற்றிச் சொன்னார், சொன்னாள். கொக்கோ பற்றி, பள்ளிக்கூடம் பற்றி. அவருடைய வாக்கியங்கள் அளவாக, ஒரே மூச்சில் தூக்கக்கூடிய எடையில் இருந்தன; அவள் அவற்றை வாங்கி இறக்கிவைத்தாள். நன்றாகத்தான் செய்தாள். அவள் குரல் தாழ்ந்து, ஆழமாகி, அவளுக்கே பழக்கமில்லாததாக ஆனது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனது. ஐஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறுமலை நிறுத்தின. அந்த அமைதியில் கூட்டம் மடிக்கணினிக்குள் இல்லை. அறையின் சுவர்வரை வந்திருந்தது.

"உங்களிடையே துரோகிகள் இருக்கிறார்கள்."

சொன்னாள்.

"ஆசிரியர் ஒப்போங்."

சொல்லிவிட்டிருந்தாள்.

இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தாள். நான் சொல்ல நினைக்கவில்லையே. நினைக்கவே இல்லையே.

"அம்போன்சா."

வாய் சொன்னது.

"சார்பாங்."

வாய் சொன்னது. உரிய மரியாதையோடு. அழகாக.

இப்படித்தானா அப்பா? அவர் கோழையும் இல்லை, கொலைகாரரும் இல்லை. முடிவெடுக்கவே இல்லை. இடைவெளி வந்தது, நிரப்பினார். மனம் வந்து சேர்வதற்குள் வாய் முடித்துவிட்டது. இதை டூஃபியின் மாமாவிடம் எப்படிச் சொல்வது? இதை எந்த மொழியில் எடுத்துச் சொன்னால் மன்னிப்பார்கள்? அவள் கண்ணில் நீர் முட்டியது. பதிவு இந்த இடத்தில் முடியும். முன்பு முடிந்தது. வெறும் இரைச்சல் வரும்.

இரைச்சல் வரவில்லை.

மூன்றாவது பெயருக்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை. ஜனாதிபதி ஒரு தாளைத் திருப்புகிற சத்தம். பொறுமையாக. மிக அருகில்.

"மற்றும்," என்றார், "இன்னும் வந்து சேராத யாவ் பெம்பா."

இடைவெளி.

வெளியே தம்பி யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, அந்த வெலைக்கு மீனோட முள்ளுதான் வரும், அதையும் நீங்களே வந்து..."

நின்றது. பாதி வாக்கியத்தில்.

அவளுடைய நாக்கு எழுந்துவிட்டிருந்தது. அண்ணத்தைத் தொட்டுவிட்டிருந்தது. உதடுகளை அவள் உள்ளே மடித்துக் கடித்தாள். ஹார்மட்டான் வெடிப்பில் ரத்தம் உப்பாக வந்தது. இன்னும் கடித்தாள். பெயர் உள்ளே இருந்தது. அசைந்தது. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருண்டது.

அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அது ஞாபகம் வந்தது. கட்டில் விளிம்பில் அப்பா. இறுக மூடிய வாய். கன்னத்துக்குள் ஏதோ உருள்கிறது. மிட்டாய் வைத்திருக்கிறார் என்று நினைத்து, எனக்கும் தா என்று அவர் தாடையைப் பிடித்து இழுத்தவள் அவள். அவர் அவளைத் தள்ளிவிட்டார். அழுதுகொண்டே தள்ளிவிட்டார். ஒரு வாய் கஞ்சிக்குக்கூட அவர் உதட்டைத் திறக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஐந்து வாரமும்.

மடிக்கணினியைப் படீரென்று மூடினாள்.

கூட்டம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

செருகியிருந்த இணையக் கருவியைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சின்ன விளக்கு அணைந்தது. குழந்தை சிணுங்கியது. யாரோ தட்டி அடக்கினார்கள்.

வாசல் திரை விலகியது. பெம்பா நின்றான். கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது.

"கூப்ட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"யாரோ கூப்ட்டாங்கக்கா. முழுப் பேரச் சொல்லி. ஆம்பளக் குரலு." அவன் அறைக்குள் வந்து, காதைச் சாய்த்துக் கேட்டான். முகம் மலர்ந்தது. "அட, இதானா? ஓடுதா? கூட்டம் நல்லாக் கேக்குதே. பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கு." மூடிக்கிடந்த மடிக்கணினியை அவன் பார்க்கவே இல்லை. "ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க? எதுக்கோ காத்துக்கிட்டிருக்காங்க போல."

அவள் அவன் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். அவன் அசையவில்லை. மரம்போல நின்றான்.

"சொல்லுக்கா. அப்பா சொன்னாரா, இல்லியா? எதுவானாலும் பரவாயில்ல. திட்ட மாட்டேன். ஒரே வார்த்த."

அவனுக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. சொன்னார், ஆனால் உன்னைச் சொல்லவில்லை. உனக்காகத்தான் பட்டினி கிடந்து செத்தார். அந்தப் பதில் தொண்டையில் நின்றது. அதற்கு முன்னால், நாக்கின் நுனியில், வேறொன்று நின்றது. வாய் திறந்தால் எது முதலில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன்க்கா அழுவுற? உதட்டுல என்ன ரத்தம்? வாயத் தொற, பாப்போம்."

தலையாட்டினாள்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒன்று. பிறகு ஒரு வரிசை. பிறகு அடுத்த வரிசை.

"நடுவுல வழி விடறாங்கக்கா," என்றான் பெம்பா. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். சட்டையில் ஒட்டியிருந்த செதில்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, பொத்தான்களைச் சரிசெய்து, கழுத்துவரை மூடிக்கொண்டான். "எனக்குத்தான் போலிருக்கு."

அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

காதுக்கு அருகே, இரைச்சலே இல்லாமல், மிகுந்த மரியாதையோடு அந்தக் குரல் கேட்டது.

"மொழிபெயர்ப்பாளர் அவர்களே. காத்திருக்கிறோம்."

பிராகோ அவன் கையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

வரிசை வரிசையாக நாற்காலிகள் நகர்ந்துகொண்டே இருந்தன.